சாப்: விமானக் கம்பெனி கட்டிய கார்

கார்ச் சாவியை எங்கே போடுவோம்? ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில். ஆனால் ஸ்வீடனில் தயாரான சாப் 99-இல் சாவித் துளை இரண்டு முன் சீட்டுகளுக்கும் நடுவே, கியருக்குப் பக்கத்தில், தாழ்வாக இருந்தது. மோதல் நடக்கும்போது ஓட்டுநரின் முழங்கால் முன்னே பாய்ந்து ஸ்டியரிங் கம்பத்தில் இடிக்கும். அங்கே சாவி நீட்டிக்கொண்டிருந்தால் முட்டி கிழிந்துவிடும். அதற்காகத்தான் இந்த இடமாற்றம். இன்னொன்றும் உண்டு. ரிவர்ஸ் கியர் போட்டால்தான் சாவி கையோடு வரும். எடுத்ததும் கியர் பூட்டிக்கொள்ளும். திருட வந்தவனால் வேறு கியருக்கு மாற்ற முடியாது.

சாப் என்றாலே 'விசித்திரமான கார்' என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் அதிகம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. விசித்திரம் என்று சொல்லப்படுகிற பெரும்பாலானவற்றுக்கு அடியில் ஒரு பொறியாளர் போட்ட கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்குகளைத்தான் இன்று பார்க்கப்போகிறோம்.

1937-இல் ஐரோப்பாவில் போர் மேகம் சூழ்ந்தபோது, சொந்த விமானங்கள் வேண்டும் என்று ஸ்வீடன் தொடங்கிய நிறுவனம் சாப். போர் முடிந்தால் விமான ஆர்டர்கள் குறையும் என்பது நிர்வாகத்துக்குத் தெரிந்தே இருந்தது. தொழிற்சாலைக்கு வேலை வேண்டுமே! 1945-இல் குன்னார் யுங்ஸ்ட்ரோம் என்ற பொறியாளரின் தலைமையில் ஒரு சிறு குழு கார் வேலையில் இறங்கியது. உருவம் வரைந்தவர் சிக்ஸ்டன் சாசோன்.

முதல் மாதிரிக் காரின் படத்தைப் பக்கவாட்டில் பாருங்கள். விமான இறக்கையைக் குறுக்கே வெட்டி வைத்ததுபோல் இருக்கும். அடிப்பாகமும் தட்டை. காற்றுத் தடைக் குணகம் 0.30-ஐ ஒட்டி வந்தது. இன்றைய கம்பெனிகளும் விளம்பரத்தில் பெருமையாகப் போட்டுக்கொள்ளக்கூடிய எண் அது. முன்சக்கரங்களையும் தகடு போட்டு மூடியிருந்தார்கள். அங்கே பனியும் சேறும் அடைத்துக்கொண்டதால் விற்பனைக்கு வந்த காரில் அதைத் திறந்துவிட்டார்கள்.

அதுதான் சாப் 92. 1949 டிசம்பரில் ட்ரோல்ஹெட்டான் நகரில் உற்பத்தி ஆரம்பித்தது. 764 சிசி, இரண்டு சிலிண்டர், டூ-ஸ்ட்ரோக் எஞ்சின், 25 குதிரைத்திறன். எஞ்சினைக் குறுக்கே வைத்து, முன்சக்கரங்களை இழுக்க வைத்தார்கள். எடை முன்னால் இருந்தால் பனியில் சக்கரம் பிடித்து இழுக்கும். பின்பக்க டிக்கிக்கு மூடியே கிடையாது. பின் சீட்டைச் சாய்த்துத்தான் பெட்டியை உள்ளே தள்ள வேண்டும். அந்தக் குறையைச் சில ஆண்டுகளில் சரிசெய்தார்கள்.

இனி நான் மிகவும் ரசிக்கிற பகுதி. டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு எண்ணெய் தனியாகப் போவதில்லை. பெட்ரோலோடு கலந்தே உள்ளே போகிறது. நீண்ட இறக்கத்தில் வருகிறீர்கள், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டீர்கள். சக்கரங்கள் எஞ்சினை வேகமாகச் சுழற்றிக்கொண்டே இருக்கும். பெட்ரோல் வரத்து மட்டும் நின்றுபோகும். பெட்ரோல் இல்லையென்றால் எண்ணெயும் இல்லை. பிஸ்டன் சூடேறி இறுகி, எஞ்சின் ஜாம் ஆகிவிடும்.

இதற்கு சாப் கண்ட வழி ஃப்ரீவீல். சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரம் உருள்கிறதல்லவா, அதே ஏற்பாடு. காலை எடுத்ததும் எஞ்சின் சக்கரத்திலிருந்து விடுபட்டு ஐடிலிங்குக்கு இறங்கிவிடும். கிளட்ச் மிதிக்காமலே கியரும் மாற்றலாம். ஆனால் இறக்கத்தில் எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தாது. முழுக்க பிரேக்கைத்தான் நம்ப வேண்டும். வேண்டாதவர்கள் ஃப்ரீவீலைப் பூட்டி வைக்க ஒரு கைப்பிடியும் கொடுத்திருந்தார்கள்.

இப்படிப்பட்ட சின்ன எஞ்சினோடு ராலி ஓட்டுநர் எரிக் கார்ல்சன் செய்த சாதனை இருக்கிறதே! 1960, 61, 62 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பிரிட்டனின் ஆர்.ஏ.சி. ராலியை வென்றார். 1962, 63-இல் மான்டே கார்லோ. ஓட்டியது மூன்று சிலிண்டர் சாப் 96. வேகம் குறைந்தால் டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் இழுவை செத்துவிடும். அதனால் வலது கால் ஆக்சிலரேட்டரை விடவே விடாது. வளைவில் இடது கால் பிரேக்கை மிதித்துப் பின்பக்கத்தை வழுக்கவிட்டுத் திருப்பும். 1967 மாடலில் ஃபோர்டின் ஃபோர்-ஸ்ட்ரோக் வி4 எஞ்சின் வந்தது. ஃப்ரீவீல் இனி தேவையில்லை; இருந்தும் 1980-இல் கடைசி 96 வெளிவரும்வரை அதை எடுக்கவில்லை.

சாப் 99 அடுத்த தலைமுறைக் கார். ஹெட்லைட்டுக்கு வைப்பர், சூடாகும் ஓட்டுநர் சீட் எல்லாம் 1970-களின் தொடக்கத்திலேயே அதில் வந்துவிட்டன. ஆனால் உலகம் திரும்பிப் பார்த்தது 1977-இல், ஃப்ராங்ஃபர்ட் கண்காட்சியில் 99 டர்போ வந்தபோது.

டர்போவை சாப் கண்டுபிடிக்கவில்லை. அமெரிக்காவில் 1962-லேயே டர்போ கார்கள் வந்தாயிற்று. பிஎம்டபிள்யூ, போர்ஷேவும் செய்தன. அவற்றின் பலம் எஞ்சின் உச்சத்தில் சுற்றும்போதுதான் தெரியும். சாப் குழு கேட்ட கேள்வி வேறு: சாதாரண ஆள் இருவழிச் சாலையில் ஒரு லாரியைச் சீக்கிரமாக, பத்திரமாக முந்த வேண்டும், அந்த நடுத்தர வேகத்தில் பலம் கிடைக்குமா? சிறிய டர்போவைப் போட்டார்கள். அது சட்டென்று சுழலத் தொடங்கும். அழுத்தம் மிஞ்சினால் புகையை வேறு வழியில் வெளியேற்ற வேஸ்ட்கேட் என்ற வால்வு. இரண்டு லிட்டர் எஞ்சினில் 145 குதிரைத்திறன் கிடைத்தது.

அடுத்து சாப் பொறியாளர் பேர் யில்பிராண்டும் அவர் சகாக்களும் செய்த ஏ.பி.சி. என்ற ஏற்பாடு. டர்போ எஞ்சினுக்குப் பரம எதிரி 'நாக்கிங்': பெட்ரோல் நேரம் தவறி வெடித்து உலோகத்தைத் தட்டுவது. அந்த அதிர்வைக் கேட்க எஞ்சின் பிளாக்கிலேயே ஒரு சென்சார் பொருத்தினார்கள். தட்டல் கேட்ட கணமே டர்போ அழுத்தம் குறையும். அடங்கியதும் மறுபடி ஏறும். எந்தத் தரப் பெட்ரோல் ஊற்றினாலும் எஞ்சின் தானே அனுசரித்துக்கொள்ளும். இன்று கோடிக்கணக்கான டர்போ கார்கள் இதே முறையில்தான் ஓடுகின்றன. சாப் உலகத்துக்குக் கொடுத்ததில் இதுவே பெரிது என்பேன்.

1986-இல் அமெரிக்காவின் டல்லடேகா ஓடுதளத்தில் மூன்று சாப் 9000 டர்போக்கள் இருபது நாள் இரவும் பகலும் ஓடி, தலைக்கு ஒரு லட்சம் கிலோமீட்டர் முடித்தன. முன்னால் வந்த காரின் சராசரி வேகம் மணிக்கு 213 கிலோமீட்டர்.

பிறகு ஏன் சாப் கார்த் தயாரிப்பை மூடினார்கள்? எல்லாப் பழியையும் ஜெனரல் மோட்டார்ஸ் மேல் போடுவது நியாயமில்லை. 1990-இல் அது கார்ப் பிரிவின் பாதிப் பங்கை வாங்கும்போதே சாப் நஷ்டத்தில்தான் இருந்தது. உச்சத்திலும் ஆண்டு விற்பனை 1.3 லட்சத்தைச் சற்றே தாண்டியது. அந்த அளவை வைத்துக்கொண்டு புதிய எஞ்சினும் புதிய அடித்தளமும் சொந்தமாக உருவாக்க முடியாது. ஆனால் ஒரு தவறு ஜெனரல் மோட்டார்ஸுடையதுதான். சுபாரு காரிலும் ஷெவர்லே காரிலும் சாப் சின்னத்தை ஒட்டி விற்றது, அந்தக் கார்களை நேசித்தவர்களுக்குச் செய்த அவமரியாதை.

2010-இல் ஸ்பைக்கர் என்ற சிறு டச்சுக் கம்பெனி வாங்கியது. 2011 டிசம்பர் 19 அன்று திவால். பிறகு வாங்கிய நெவ்ஸ் நிறுவனம் 2013 டிசம்பரில் 9-3 காரை மறுபடி தயாரிக்கத் தொடங்கி, 2014 மே மாதம் நிறுத்தியது. கிரிப்பென் போர் விமானம் கட்டும் சாப் நிறுவனம் தனி. அது நலமாக இருக்கிறது. உதிரிபாகப் பிரிவும் தப்பித்தது. திவாலுக்குப் பின் கடனுக்கு ஈடாக அதை ஸ்வீடன் அரசு எடுத்துக்கொண்டது. அதனால் கார் தயாரிப்பு நின்ற பிறகும், ஓடிக்கொண்டிருந்த சாப் கார்களுக்கு உதிரிபாகங்கள் தொடர்ந்து கிடைத்தன.