வாசலுக்கு எந்தப் பூமரம்?

வைகாசி வெயிலில் சிவப்பாகப் பூத்துக் கொட்டுகிறதே குல்மோஹர், அதன் கன்று கேட்டுப் பலர் வருகிறார்கள். அழகான மரம்தான், மறுக்கவில்லை. எங்கே வைக்கப் போகிறீர்கள் என்று கேட்டால், "வாசலிலேதாங்க, கொட்டகை ஓரமா" என்கிறார்கள். அங்கேதான் வேண்டாம் என்கிறேன்.

இது மடகாஸ்கர் தீவிலிருந்து வந்த மரம். சீக்கிரம் வளரும், குடை போல விரியும். ஆனால் கிளையில் வலு கிடையாது. வேரும் மேலாகவே ஓடித் தளத்தைத் தூக்கும். ஓர் ஊரில் ஆடிக் காற்றில் முறிந்த கிளை மாட்டுக் கொட்டகைக் கூரையைப் பிளந்துவிட்டது. கறவை மாடு மேய்ச்சலுக்குப் போயிருந்ததால் பிழைத்தது. வீட்டுக்காரர் மறுநாளே மரத்தை வெட்டிவிட்டார். பத்து வருஷ வளர்ப்பு, விறகாய்ப் போச்சு. குல்மோஹர்தான் வேண்டுமென்றால் கூரையும் மின்கம்பியும் இல்லாத வெட்டவெளியில் வையுங்கள்.

வாசலுக்கு நம் நாட்டுச் சரக்கொன்றை இருக்கிறதே! சிவனுக்கு உகந்த கொன்றை. கேரளத்தில் விஷுக்கணிக்கு வைப்பதும் இதுதான். மரம் அளவோடு வளரும். கோடையில் இலை கொட்டித்தான் பூக்கும். அந்தச் சமயம் நிழலை எதிர்பார்க்காதீர்கள். ஆடு மாடு இலையை அவ்வளவாகக் கடிக்காது. ஆனாலும் மிதித்துவிடுமே, முள் கட்டுவது நல்லது.

"விதை போட்டேன், முளைக்கலே" என்பதுதான் பலருடைய குறை. விதையில் கோளாறு இல்லை, தோல் கெட்டி. தண்ணீர் உள்ளே போக வழியில்லை. முற்றிக் கறுத்த காயை உடைத்து, விதையைக் கழுவிக் கொள்ளுங்கள். நுனியில் உப்புத்தாளால் கொஞ்சம் தேய்த்து, ஒரு ராத்திரி தண்ணீரில் ஊற வையுங்கள். நிறைய விதையாக இருந்தால், கொதித்த நீரை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு விதையைப் போட்டு அப்படியே ஆறவிடலாம். அடுப்பில் வைத்து வேகவிட்டு விடாதீர்கள்! மறுநாள் உப்பியவற்றைப் பையில் ஊன்றுங்கள். உப்பாததை மறுபடி தேய்த்து ஊறப்போடலாம்.

கன்று முழங்கால் உயரம் வந்ததும், மழைக்காலத் தொடக்கத்தில் 2 அடிக்கு 2 அடி குழியில் தொழு உரம் கலந்து நடுங்கள். சுவரிலிருந்து 15 அடியாவது தள்ளியிருக்கட்டும். நல்ல வெயில் வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது. பூவுக்குச் சில வருஷம் பொறுக்கத்தான் வேணும். மஞ்சள் வண்ணத்துப்பூச்சியின் புழு இலையைத் தின்னும். வளர்ந்த மரம் மறுபடி துளிர்த்துக்கொள்ளும், மருந்து தேவையில்லை.

ஒன்று மட்டும் கவனம். காய்க்குள் இருக்கும் கறுப்புச் சதை இனிக்கும். பிள்ளைகள் தின்றால் பேதியாகும். கீழே விழும் காயை அப்போதைக்கப்போது பொறுக்கிவிடுங்கள்.