திரிதெந்துச் சங்கமும் மிலான் நகரத்து ஆயரும்

(பங்குப் பொன்விழாக் கருத்தரங்கில் மறைக்கல்வி ஆசிரியர் குழுவின் சார்பில் ஆற்றப்பெற்ற உரை)



'திருச்சபையின் சீர்திருத்தமும் புதுப்பித்தலும்' என்ற தலைப்பை விழாக் குழுவினர் எங்களுக்குத் தந்தார்கள். சீர்திருத்தம் என்றவுடன் நம்மில் பலருக்கு 1517ஆம் ஆண்டும் மார்ட்டின் லூத்தரும்தான் நினைவுக்கு வருவது வழக்கம். பிரிந்து சென்ற சகோதரர்களைப் பற்றிப் பேச இன்று நாங்கள் வரவில்லை. பிரியாமல் இருந்தவர்கள் தங்கள் வீட்டை எப்படிப் பெருக்கினார்கள் என்பதைச் சொல்லவே வந்திருக்கிறோம். அதிலும் எல்லாவற்றையும் சொல்லப் போவதில்லை. ஒரே ஒரு சட்டத்தை எடுத்துக்கொள்கிறோம். ஆயர் தம் மறைமாவட்டத்தில் குடியிருக்க வேண்டும், பங்குக்குரு தம் பங்கில் குடியிருக்க வேண்டும் என்பதே அந்தச் சட்டம்.

இதென்ன பெரிய காரியம், இதற்கு ஒரு பொதுச்சங்கம் கூட வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். நள்ளிரவில் அவஸ்தைப்பூசுதலுக்குக் கதவைத் தட்டினால் சாமியார் எழுந்து வருவார் என்று பழகிவிட்டவர்கள் நாம். அக்காலத்து மிலான் நகர மக்களுக்கு அப்படி ஒரு பழக்கம் இல்லை. இத்தாலியின் மிகப் பெரிய மறைமாவட்டங்களுள் ஒன்றான மிலானில் ஏறக்குறைய 80 ஆண்டுகளாகப் பேராயர் யாரும் நிலையாகக் குடியிருந்ததில்லை. பேராயர் இல்லாமலா? இருந்தார், ஊரில்தான் இல்லை. 1519இல் அப்பதவிக்கு நியமிக்கப்பெற்ற இப்போலித்து தெஸ்தே என்பவருக்கு அப்போது வயது பத்து! பிரபுக் குடும்பத்துப் பிள்ளை. மறைமாவட்டத்தின் வருமானம் குடும்பத்திற்கு வந்தது. மந்தை எங்கே மேய்கிறது என்று மேய்ப்பருக்குத் தெரியாது.

நம் கதைக்குரியவரும் இதே வழியில் வந்தவர்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். புனித சார்லஸ் பொரோமேயு 1538இல் மஜ்ஜோரே ஏரிக்கரையிலுள்ள அரோனாக் கோட்டையில் பிறந்தார். பன்னிரண்டு வயதிலேயே ஒரு மடத்தின் வருமானம் அவர் பெயருக்கு வந்துவிட்டது. 1559 டிசம்பரில் அவருடைய தாய்மாமன் நான்காம் பத்திநாதர் என்ற பெயரில் பாப்பரசரானார். அடுத்த மாதமே இருபத்தொரு வயது மருமகன் கர்தினால் ஆனார்; மிலான் மறைமாவட்டப் பொறுப்பும் அவர் கைக்கு வந்தது. அப்போது அவர் குருவாகக்கூட இல்லை. மாமன் தயவில் வந்த பதவி! எந்த நோயை ஒழிக்க வேண்டும் என்று நல்லவர்கள் கதறிக்கொண்டிருந்தார்களோ, அந்த நோயின் அடையாளமாகவே இந்த இளைஞர் உரோமையில் வந்து அமர்ந்தார்.

திரிதெந்துப் பொதுச்சங்கம் 1545 டிசம்பர் 13இல் ஏறக்குறைய முப்பது ஆயர்களோடு தொடங்கி, போராலும் பூசலாலும் இருமுறை நின்று, 1563 டிசம்பர் 4இல் முடிவடைந்தது. பதினெட்டு ஆண்டுகள்! விசுவாசக் கோட்பாடுகளைப் பற்றிய தீர்மானங்களை நாங்கள் இங்கே விவரிக்கவில்லை. கடைசிக் கட்டத்தில் சங்கத்தையே முறித்துவிடும் அளவுக்கு வந்த சண்டை, ஆயர் ஊரில் இருப்பது கடவுள் இட்ட கட்டளையா, திருச்சபை இட்ட சட்டமா என்பதைப் பற்றியது. கடவுளின் கட்டளை என்றால் பாப்பரசர்கூட விலக்குக் கொடுக்க முடியாதல்லவா? 1562 செப்டம்பர் முதல் அடுத்த ஜூலை வரை, பத்து மாதங்கள், ஓர் அமர்வுகூடக் கூடி முடிவெடுக்க இயலவில்லை. உரோமையிலிருந்து சங்கத்திற்குச் சென்ற கடிதங்கள் மாமனின் செயலரான சார்லசின் மேசையிலிருந்துதான் சென்றன. இறுதியில் 1563 ஜூலை 15இல், மேய்ப்பர்கள் தம் ஆடுகளை அறிந்திருக்க வேண்டும் என்பது இறைவனின் கட்டளை என்று எழுதி, ஆண்டுக்கு இரண்டு மாதங்கள், மிஞ்சினால் மூன்று மாதங்களுக்கு மேல் தகுந்த காரணமின்றி வெளியில் இருக்கும் ஆயர் அக்காலத்து வருமானத்தை இழப்பார் என்றும் தீர்மானித்தார்கள். வருமானத்தில் கைவைத்தார்கள், அதனால் சட்டத்திற்குப் பல் முளைத்தது. மறைமாவட்டந்தோறும் குருமடம் அமைக்க வேண்டும் என்ற தீர்மானமும் அன்றைக்கே நிறைவேறியது.

இதற்கிடையில் சார்லசின் வாழ்வில் ஒரு பேரிடி. 1562 நவம்பரில் அவருடைய அண்ணன் பெதெரிக்கோ திடீரென்று இறந்துபோனார். வாரிசு இல்லை. துறவு நிலையை விட்டுத் திருமணம் செய்துகொண்டு குடும்பப் பெயரைக் காப்பாற்று என்று உறவினர் நெருக்கினார்கள். அவரோ அடுத்த ஆண்டு குருப்பட்டம் பெற்றார். டிசம்பரில் ஆயராகவும் அபிஷேகம் பெற்றார். மிலானுக்குப் போகிறேன் என்றார், மாமன் விடவில்லை. தமக்கு முன்னோடியாக ஒரு நல்ல பதில்குருவை அனுப்பிவிட்டுக் காத்திருந்தார். 1565 செப்டம்பர் 23இல் மிலானுக்குள் நுழைந்தார். அந்த ஆண்டு இறுதியில் மாமன் இறந்தபின், 1566 முதல் அங்கேயே குடியிருக்கலானார்.

அங்கே அவர் கண்டது என்ன? பாவமன்னிப்பு வாய்பாட்டைக்கூடச் சரியாகச் சொல்லத் தெரியாத குருக்கள், பூட்டிக்கிடந்த கோவில்கள், சட்டதிட்டம் மறந்த மடங்கள். குதிரை ஏறமுடியாத மலைப்பாதைகளில் நடந்தே சென்று பங்கு பங்காகப் பார்வையிட்டார். 11 மறைமாவட்டச் சங்கங்களையும் 6 மறைமாநிலச் சங்கங்களையும் கூட்டினார். எல்லோரும் கைதட்டி வரவேற்றார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஹூமிலியாத்தி என்ற பழைய சபையைத் திருத்த முற்பட்டபோது, அச்சபையைச் சேர்ந்த ஒருவன் 1569 அக்டோபர் 26இல், மாலைச் செபத்தில் முழந்தாளிட்டிருந்த ஆயரை முதுகிலே சுட்டான். குண்டு உடையோடு நின்றது. சுட்டவனுக்கு இரக்கம் காட்டும்படி ஆயர் கேட்டுக்கொண்டும் அரசு அவனைத் தூக்கிலிட்டது.

நம் கோவிலில் அன்றாடம் பார்க்கும் சில பொருள்களுக்கு வருவோம். பாவசங்கீர்த்தனத் தொட்டி ஒன்று. அதற்கு முன்பெல்லாம் குரு திறந்த இடத்தில் நாற்காலியில் அமர்ந்திருப்பார், பாவி அருகில் முழந்தாளிடுவார். நடுவே பலகையும் சல்லடைத் துளையும் வைத்துத் தொட்டி அமைக்கும் முறையை எங்கும் பரப்பியவர் இந்தச் சார்லஸ்தான். கோவில் கட்டுவது பற்றி 1577இல் அவர் வெளியிட்ட நூலில் அதன் அமைப்பெல்லாம் சொல்லப்பட்டிருக்கிறது.

மற்றொன்று திருமணப் பதிவேடு. மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பதும், பங்குக்குரு முன்னிலையில் சாட்சிகளோடு கைபிடிப்பதும், பதிவேட்டில் எழுதுவதும் ஏதோ அலுவலகச் சடங்கு என்று நம் இளைஞர் சிலர் அலுத்துக்கொள்கிறார்கள். 1563க்கு முன் ஓர் ஆணும் பெண்ணும் தனியே ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுத்தாலே திருமணம் செல்லும். பிறகு ஆண், நான் வாக்கே கொடுக்கவில்லை என்று சொல்லிவிட்டு வேறொருத்தியை மணந்தால், முதலாமவள் எந்தச் சாட்சியைக் கொண்டு வருவாள்? குருவும் இரண்டு மூன்று சாட்சிகளும் இல்லாத திருமணம் செல்லாது என்று 1563 நவம்பரில் சங்கம் தீர்மானித்தது. கைவிடப்பட்ட பெண்களின் கண்ணீர் அந்தப் பதிவேட்டின் பின்னால் இருக்கிறது. ஆனால் ஊரில் குடியிராத குருவால் ஓலை வாசிக்கவும் முடியாது, ஏடு எழுதவும் முடியாது. எந்தத் தீர்மானத்தை எடுத்தாலும் அந்த முதல் சட்டத்தில் வந்துதான் நிற்கிறது.

அந்தச் சட்டத்திற்கு உண்மையான சோதனை 1576இல் வந்தது. அந்தக் கோடையில் மிலானில் கொள்ளைநோய் புகுந்தது. ஆளுநர் நகரைவிட்டு வெளியேறினார். பிரபுக்களும் வசதியுள்ளவர்களும் வண்டிகட்டிப் புறப்பட்டார்கள். அப்போது வெளியூரில் இருந்த ஆயரோ, செய்தி கேட்டதும் நகருக்குள் திரும்பினார். நோயாளிகளை அடைத்துவைத்த விடுதிக்கே போய்த் திருவருட்சாதனங்கள் வழங்கினார். தயங்கி நின்ற குருக்களையும் துறவிகளையும் தேற்றி அழைத்துச் சென்றார். தம் இல்லத்துப் பாத்திரம் பண்டங்களை விற்றார். சுவர்த் திரைகளையும் கதவுத் திரைகளையும் கிழித்து ஏழைகளுக்கு உடை தைக்கக் கொடுத்தார். கழுத்தில் கயிறு கட்டி, வெறுங்காலோடு, ஆண்டவரின் திருவாணியைத் தாங்கிய சிலுவையைச் சுமந்து பவனி வந்தார்.

கூட்டம் கூடினால் நோய் பரவும் என்று நகரத்தார் மக்களை வீட்டுக்குள் இருக்கக் கட்டளையிட்டபோது, ஆயர் தெருக்கள் சந்திக்கும் இடங்களில் பீடங்கள் அமைத்தார். குருக்கள் அங்கே பூசை செய்ய, மக்கள் தத்தம் சன்னலிலிருந்தே கண்டு செபித்தார்கள். நாளுக்கு ஏழு முறை மணி அடிக்கும். அடித்ததும் தெரு முழுவதும் சன்னலுக்குச் சன்னல் செபம் எழும். 2020இல் கோவில் கதவுகள் மூடப்பட்டு, தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் பூசை கண்ட நமக்கு இது எவ்வளவு நெருக்கமான செய்தி! அந்த நாட்களில் நம் வீட்டுச் சாவுகளுக்கு யார் வந்தார்கள், யாரால் வர இயலவில்லை என்பதையெல்லாம் நினைத்துக்கொண்டுதான் நாங்கள் இந்தப் பகுதியை எழுதினோம்.

அவரைக் குறையற்ற மனிதராகப் படம்பிடிக்க நாங்கள் விரும்பவில்லை. அவர் மிகக் கண்டிப்பானவர். தம்மையும் வருத்திக்கொண்டார், பிறரையும் வருத்தினார். 1583இல் சுவிஸ் நாட்டு மெசொல்சினாப் பள்ளத்தாக்கை அவர் பார்வையிட்ட காலத்தில், சூனியக்காரிகள் என்று குற்றஞ்சாட்டப்பட்ட பெண்கள் உயிரோடு எரிக்கப்பட்டார்கள். காலத்தின் குற்றம் என்று சொல்லி அதைத் தள்ளிவிட எங்களுக்கு மனம் வரவில்லை. 1610இல் புனிதர் பட்டம் பெற்றவருடைய வரலாற்றில் அதுவும் ஒரு பக்கம்.

இறுதியாக எங்கள் சொந்தக் காரியம், மறைக்கல்வி. மிலானில் ஞாயிறு ஞானோபதேசப் பள்ளிகளைத் தொடங்கியவர் சார்லஸ் அல்லர். அவர் பிறப்பதற்கு முன்பே, 1536இல், கஸ்தெல்லீனோ தா கஸ்தெல்லோ என்ற எளிய குரு ஆரம்பித்தது அது. தெருவில் சுற்றிய பையன்களைப் பழம் கொடுத்து அழைத்து உட்காரவைத்தார்கள் என்று ஒரு செய்தி உண்டு. (எங்கள் மிட்டாய் முறைக்கும் பழமை இருக்கிறது, பெற்றோர்களே!) அங்கே செபமும் விசுவாசப் பிரமாணமும் மட்டுமல்ல, ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தும் வாசிப்பும் கற்றுக்கொடுத்தார்கள். கற்பித்தவர்கள் பெரும்பாலும் தொழில் செய்து பிழைத்த பொதுநிலையினரே, ஆண்களும் பெண்களும். சார்லஸ் செய்ததெல்லாம், அதைப் பங்குதோறும் கட்டாயமாக்கி, அவர்களுக்கு ஒழுங்கும் ஆதரவும் கொடுத்ததுதான். பங்குக்குருக்களின் கையில் இருக்க வேண்டிய உரோமை ஞானோபதேச நூல் 1566இல் வெளிவரவும் அவர் உழைத்திருந்தார்.

இந்தக் காற்று நம் பக்கமும் வீசியது. முத்துக்குளித்துறையில் 1542 முதல் புனித சவேரியார் பிள்ளைகளைக் கூட்டித் தமிழில் செபங்களைச் சொல்லிக்கொடுத்தார். அவர் வழிவந்த அன்றிக் அடிகளார் 1578 அக்டோபர் 20இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற பதினாறு பக்க ஞானோபதேச நூலைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டார். மிலான் கொள்ளைநோயிலிருந்து மீண்டதும் அதே 1578இல்தான்.

1584 அக்டோபரில் வரால்லோ மலையில் தியானத்திலிருந்த சார்லசுக்குக் காய்ச்சல் கண்டது. அந்த நிலையிலும் அஸ்கோனாவுக்குப் போய்ப் புதிய கல்லூரி ஒன்றைத் திறந்துவைத்துவிட்டு, ஏரி வழியாகப் படகில் அரோனா வந்து, சகல புனிதர் திருநாளன்று தம் கடைசிப் பூசையை நிறைவேற்றினார். மறுநாள் மிலானுக்குக் கொண்டுசேர்த்தார்கள். நவம்பர் 3, சனிக்கிழமை இரவு, நாற்பத்தாறாவது வயதில் உயிர் நீத்தார். அவர் காலமானபோது மறைமாவட்டத்தில் 740 ஞானோபதேசப் பள்ளிகளும், மூவாயிரத்துக்கு மேற்பட்ட ஆசிரியர்களும், நாற்பதாயிரம் மாணவர்களும் இருந்ததாகக் கணக்கு இருக்கிறது. மறுநாள் ஞாயிறு, வகுப்புக் கூடும் நாள்.