தண்ணீர் ஒருவர் கையில், காய்ச்சல் ஒருவர் கையில்



மருத்துவர்கள் பெயரிலும் பேராசிரியர்கள் பெயரிலும் அறக்கட்டளைச் சொற்பொழிவுகள் நிறைய உண்டு. ஒரு சுகாதார ஆய்வாளரின் நினைவாக அவருடைய பிள்ளைகள் ஒன்றை ஏற்படுத்தியிருப்பது அபூர்வம். தலைப்பை என் விருப்பத்துக்கே விட்டுவிட்டார்கள். அந்தப் பெரியவர் வாழ்நாள் முழுவதும் செய்த வேலையையே எடுத்துக்கொள்கிறேன். நோய் வந்த பிறகு மருந்து கொடுப்பது ஒரு துறை. நோய் வருமுன் தெருவில் இறங்கி நிற்பது இன்னொரு துறை. இந்த இரண்டாவதைத் தமிழ்நாடு எப்படிக் கட்டியது, இன்று அது எங்கே தவிக்கிறது என்பதைப் பற்றியே பேசப்போகிறேன்.

ஐப்பசி மழை விட்ட ஒரு காலை நேரம். கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர் ஒருவர் தெருவுக்குள் நுழைகிறார். பெரும்பாலும் தினக்கூலிக்கு வரும் பெண்ணாக இருப்பார். கையில் டார்ச் லைட், அபேட் மருந்து, ஒரு நோட்டு. ஃப்ரிட்ஜின் பின்பக்கத் தட்டு, பூந்தொட்டியின் அடித்தட்டு, கொல்லையில் கிடக்கும் ஆட்டுக்கல்லின் குழி, மொட்டை மாடியில் பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை என்று ஒன்றுவிடாமல் குனிந்து பார்க்கிறார். புழு நெளிந்தால் நோட்டில் குறிக்கிறார். நூறு வீட்டில் எத்தனை வீட்டில் புழு இருந்தது என்ற கணக்கைத்தான் வீட்டுக் குறியீடு என்கிறோம். மாவட்டத்தில் டெங்கு எந்தப் பக்கம் திரும்பும் என்பதை மருத்துவமனைப் பதிவேட்டுக்கு முன்பே சொல்வது அந்தப் பெண்ணின் நோட்டு.

ஆனால் அவர் அதிகம் புழு காண்பது சிரட்டையிலோ டயரிலோ இல்லை. குடிநீர் பிடித்து வைத்திருக்கும் பிளாஸ்டிக் டிரம்மிலும் சிமெண்டுத் தொட்டியிலும்தான். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் முட்டையை ஒட்டிவைக்கும். அந்த முட்டை காய்ந்த நிலையிலேயே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதனால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். பணியாளர் இதைச் சொல்லும்போது வீட்டு அம்மா கேட்பார்: "தண்ணிய கீழ ஊத்தச் சொல்றியே, நாளைக்கு நீ கொண்டாந்து ஊத்துவியாம்மா?"

இந்தக் கேள்விக்கு அந்தப் பெண்ணிடம் பதில் இல்லை. அவருக்கு மேலே இருக்கும் ஆய்வாளரிடமும் இல்லை. மாவட்டத் துணை இயக்குநராக இருந்த என்னிடமும் இருந்ததில்லை. வெயிலுக்கு ஏற்றபடி ஏழு நாளிலிருந்து பத்து நாளுக்குள் முட்டை கொசுவாகிவிடும். எட்டு நாளைக்கு ஒருமுறை, பத்து நாளைக்கு ஒருமுறை குழாயில் தண்ணீர் விடும் ஊரில் ஒவ்வொரு வீடும் தவிர்க்க வழியில்லாமல் கொசு வளர்க்கிறது. 2012இல் தமிழ்நாட்டில் 12,000க்கும் மேற்பட்டோருக்கு டெங்கு கண்டது. 66 பேர் இறந்தார்கள். 2017இல் நோயாளிகளின் எண்ணிக்கை 23,000ஐத் தாண்டியது. ஒவ்வொரு முறையும் புகைமருந்து அடித்தோம், வீட்டுக்காரர்களுக்கு நோட்டீஸ் கொடுத்தோம். குழாயில் எந்தக் கிழமை தண்ணீர் விடுவது என்று முடிவுசெய்யும் பொறியாளர் இன்னொரு துறையில் உட்கார்ந்திருந்தார். அவரைக் குறை சொல்லவில்லை. அவரிடம் யாரும் கொசுக் கணக்குக் கேட்டதில்லை.

தொடக்கத்தில் இந்த ஏற்பாடு இப்படி இருக்கவில்லை. கிண்டியில் இருக்கும் கிங் நிறுவனம் 1899இல் அம்மைத் தடுப்பூசி மருந்து தயாரிக்கத் தொடங்கப்பட்டது. சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த டபிள்யூ.ஜி. கிங்கின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1919ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தில் பொதுச் சுகாதாரம் மாகாணங்களின் பொறுப்புக்கு வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் சென்னை மாகாணம் மாவட்டந்தோறும் சுகாதார அலுவலரை அமர்த்தி, மருத்துவத் துறையிலிருந்து வேறாகப் பொதுச் சுகாதாரத் துறையை நிறுத்தியது. அந்தத் துறைதான் 2022இல் நூற்றாண்டு கொண்டாடியது.

அதன் முதுகெலும்பு 1939ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம். ராஜாஜி அமைச்சரவையில் சுகாதாரத்தைக் கவனித்தவர் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன், திருச்சியில் மருத்துவம் பார்த்தவர், விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவர். அந்தச் சட்டத்தை இளைய மருத்துவர்கள் ஒருமுறையாவது முழுதாகப் படிக்க வேண்டும். குடிநீர், கழிவுநீர், தொற்றுநோய் அறிவிப்பு, தாய்சேய் நலம், கொசு ஒழிப்பு, உணவுக் கட்டுப்பாடு, தங்கும் விடுதிகள், திருவிழாக்கள் ஆகிய அனைத்தும் அந்த ஒரே சட்டத்தில் அடுத்தடுத்த அத்தியாயங்களாக வருகின்றன. திருவிழாவுக்குத் தனி அத்தியாயம் எதற்கு என்று கேட்கலாம். தேரோடும் ஊருக்குக் கூட்டத்தோடு காலராவும் வந்த காலம் அது. விழாவுக்கு முன்பே குளத்துக்கும் கிணற்றுக்கும் குளோரின் போட, தற்காலிகக் கழிப்பறை அமைக்க, கெட்டுப்போன தின்பண்டத்தைக் கொட்டி அழிக்க ஒரே அலுவலருக்கு அதிகாரம் இருந்தது. உள்ளாட்சிகள் தங்கள் வருவாயில் ஒரு பங்கைச் சுகாதாரத்துக்கு ஒதுக்கவேண்டும் என்பதும் அந்தச் சட்டத்தில் உண்டு. அரசுக்கு ஆலோசனை கூறப் பொதுச் சுகாதார வாரியம் ஒன்று இருக்கவேண்டும் என்பதும் அதில் உண்டு. அந்த வாரியத்துக்குப் பிறகு வருகிறேன்.

விடுதலைக்குப் பிறகு பல மாநிலங்கள் பொதுச் சுகாதாரத்தையும் மருத்துவத்தையும் ஒரே இயக்குநரின் கீழ் இணைத்துவிட்டன. இணைத்த இடத்தில் எல்லாம் நடந்தது ஒன்றுதான்: வரிசையில் நிற்கும் நோயாளியின் அவசரம், இன்னும் நோய்ப்படாதவனின் தேவையை விழுங்கிவிட்டது. தமிழ்நாடு இணைக்கவில்லை. இங்கே பொதுச் சுகாதாரத்துக்குத் தனி இயக்குநர், தனி நிதி, தனிப் பணிநிலை. மருத்துவம் படித்துவிட்டு, பொதுச் சுகாதாரத்தில் தனியாகப் பட்டயமோ பட்டமோ பெற்று, களத்தில் பல ஆண்டு அலைந்தவரே மேலே வருகிறார்.

அதன் பலனை 2004 டிசம்பர் 26க்குப் பிறகு கண்ணால் பார்த்தோம். ஆழிப்பேரலையில் இந்த மாநிலத்தில் மட்டும் ஏறத்தாழ 8,000 பேர் மாண்டார்கள். நாகப்பட்டினத்தில்தான் சாவு மிக அதிகம். கிணறுகளில் உப்புநீர் புகுந்துவிட்டது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பள்ளிக்கூடங்களிலும் கல்யாண மண்டபங்களிலும் நெருக்கியடித்துத் தங்கின. காலரா, வயிற்றுப்போக்கு, தட்டம்மை ஆகியவை வரிசையாக வரும் என்று உலகமே எதிர்பார்த்தது. உள்மாவட்டங்களிலிருந்து சுகாதார ஆய்வாளர்களும் செவிலியர்களும் ஜீப்பிலும் லாரியிலும் கடற்கரைக்குப் போய் இறங்கினார்கள். தண்ணீர் லாரி ஒவ்வொன்றிலும் குளோரின் சோதித்தார்கள். ஒரு சிறு கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்து, சில துளி மருந்து விட்டு, மஞ்சள் நிறம் ஏறுகிறதா என்று பார்க்கும் சோதனைதான் அது. மஞ்சள் ஏறாத தண்ணீரை இறக்க விடவில்லை. குழந்தைகளுக்குத் தட்டம்மைத் தடுப்பூசி போட்டார்கள். முகாம்களில் கொள்ளைநோய் எதுவும் பரவவில்லை. தண்ணீர், தடுப்பூசி, துப்புரவு, ஆள் பலம் ஆகிய அனைத்துக்கும் அந்த வாரங்களில் ஒரே ஆணை போதுமானதாக இருந்தது என்பதே காரணம் என்று உறுதியாகச் சொல்வேன்.

சாதாரண நாட்களில் அந்த ஒரே ஆணை இல்லை. குடிநீர் 1971இல் குடிநீர் வடிகால் வாரியத்துக்குப் போனது. குழாய் போடவும் நிதி திரட்டவும் அது தேவையாக இருந்தது; கோடிக்கணக்கானவர்களுக்கு அந்த வாரியம் தண்ணீர் கொண்டுவந்திருக்கிறது. உணவு ஆய்வு, 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2011இல் நடைமுறைக்கு வந்ததும் தனி நிர்வாகமாயிற்று. நகரத்துக் குப்பையும் சாக்கடையும் நகராட்சி நிர்வாகத்திடம் இருக்கின்றன. ஒவ்வொரு பிரிவினைக்கும் தனித்தனியே நல்ல காரணம் உண்டு. ஆனால் வயிற்றுப்போக்கு பரவினால் பதில் சொல்லவேண்டியவர் இன்றும் சுகாதாரத் துறைக்காரர்தான். பொறுப்பு நம்மிடம் தங்கிவிட்டது, கருவிகள் வேறு வேறு அலுவலகங்களுக்குப் போய்விட்டன.

நகரங்களில் இது இன்னும் மோசம். 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டில் 48 விழுக்காட்டினர் நகரவாசிகள். கிராமத்தில் ஆரம்ப சுகாதார நிலையமும், வீடு தெரிந்த கிராம சுகாதார செவிலியரும் இருக்கிறார்கள். மாநகராட்சியில் நகர்நல அலுவலர் இருக்கிறார். அவர் ஆணையருக்கும் பதில் சொல்லவேண்டும், இயக்குநருக்கும் பதில் சொல்லவேண்டும். துப்புரவு ஆய்வாளரின் நாள் குப்பை லாரிக்குப் பின்னாலேயே முடிந்துவிடுகிறது. கொரோனா காலத்தில் சென்னையில் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். மாநகராட்சியின் இறப்புப் பதிவேட்டை மாநிலக் கணக்கோடு ஒப்பிட்டபோது, 444 மரணங்கள் விடுபட்டிருப்பது தெரிந்து 2020 ஜூலையில் சேர்க்கப்பட்டன. ஒரே நகரத்தில் இரண்டு நோட்டுகள் இருந்தன, இரண்டும் பேசிக்கொள்ளவில்லை. ஒப்பிட்டுப் பார்த்து வெளியே சொன்னது அரசின் நேர்மை, அதைப் பாராட்ட வேண்டும்.

எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு மாவட்டத்தில் டெங்கு எண்ணிக்கை குறைந்தால் பாராட்டு, கூடினால் விளக்கம் கேட்டுக் கடிதம் என்ற வழக்கம் இருக்கும்வரை உண்மையான எண் மேலே வராது. அதிகமாகக் கண்டுபிடிப்பவர் அதிகமாகத் தேடியவர் என்று எடுத்துக்கொள்ளும் மேலதிகாரி நமக்கு வேண்டும்.

நாம் சாதித்ததைக் குறைத்துப் பேசுவதாக நினைக்க வேண்டாம். 2020ஆம் ஆண்டுக் கணக்கில் இங்கே ஆயிரம் பிறப்புக்கு 13 குழந்தைகளே ஓராண்டுக்குள் இறந்தன. நாட்டின் சராசரி அப்போது 28. 2018-20 கணக்கில் பிரசவத்தில் தாய் இறந்தது லட்சம் பிறப்புக்கு 54; நாட்டில் 97. அதே மாநிலத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் இரத்தசோகை. மாத்திரை கொடுக்கிறோம். சாப்பிடுகிறார்களா, தட்டில் கீரையும் பருப்பும் விழுகிறதா என்பது சத்துணவோடும் ரேஷனோடும் கூலியோடும் பிணைந்தது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரையை வாசலுக்கே கொண்டுபோகிறது. நல்ல திட்டம். ஆனால் ஒவ்வொரு புதிய திட்டமும் கடைசியில் அந்தச் செவிலியரின் பைக்குள்தான் இன்னொரு பதிவேடாக விழுகிறது. அவருடைய மற்ற வேலைகளை யார் குறைத்தார்கள்?

இனி அந்த வாரியத்துக்கு வருகிறேன். சட்டம் சொல்லும் பொதுச் சுகாதார வாரியத்தின் பெயரைச் செய்தித்தாளில் படித்ததாக இந்த அரங்கில் எத்தனை பேரால் சொல்லமுடியும்? புதிய சட்டம் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. 1939இல் எழுதிவைத்த ஏற்பாட்டுக்கு உயிர் கொடுங்கள் என்று கேட்கிறேன். குடிநீர் வாரியமும், நகராட்சி நிர்வாகமும், உணவுப் பாதுகாப்பும், ஊரக வளர்ச்சியும், பொதுச் சுகாதார இயக்குநரும் ஒரே மேசையில் உட்காரவேண்டும். பருவமழைக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை என்று தவறாமல் கூடவேண்டும். எந்த ஊரில் எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வருகிறது, அந்த ஊரின் வீட்டுக் குறியீடு என்ன, கடைக்கோடிக் குழாயில் குளோரின் இருக்கிறதா என்ற மூன்றையும் ஒரே தாளில் வைத்துப் பார்க்கவேண்டும். அந்தத் தாளை மக்களுக்கும் வெளியிடவேண்டும். மாவட்ட அளவிலும் இதேபோல ஒரு குழு, துணை இயக்குநரின் பேச்சுக்குப் பொறியாளர் எழுத்தில் பதில் தரும் கட்டாயத்தோடு அமையவேண்டும்.

இங்கே வந்திருக்கும் ஊராட்சித் தலைவர்களுக்கும் நகர்மன்ற உறுப்பினர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்தில் உங்கள் ஊர் சுகாதார ஆய்வாளரையும் தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டரையும் ஒன்றாக அழைத்து உட்கார வையுங்கள். கடைசித் தெருக் குழாயில் கடைசியாக எப்போது குளோரின் சோதித்தீர்கள் என்று இருவரையும் கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிவையுங்கள்.