சொல்லால் இழந்த நாடு
(திருவொற்றியூர் மாசிப் பெருவிழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மகிழடி சேவையைக் கண்ட கண்களோடு அமர்ந்திருக்கிறீர்கள். பிரியேன் என்று சங்கிலியாருக்கு மகிழ மரத்தடியில் சூளுரைத்த நம்பியாரூரர், வசந்தம் வந்ததும் ஆரூர் நினைவு மேலிட, இவ்வூர் எல்லையைக் கடந்தார், கண்ணொளி இழந்தார். அந்த வரலாறு உங்களுக்குப் புதிதன்று. ஆகவே, இன்று முதலில் ஓர் அமெரிக்கக் கதையைச் சொல்லப் புகுகிறேன். சைவ மேடையில் இது எதற்கு என்று பெரியோர் சிலர் எண்ணலாம். சற்றே பொறுத்தருள்க.

எட்வர்டு எவரெட் ஹேல் என்பவர் பாஸ்டன் நகரத்துச் சமய போதகர். வட மாநிலங்களும் தென் மாநிலங்களும் போரிட்டுக் கொண்டிருந்த 1863ஆம் ஆண்டு டிசம்பரில், ‘அட்லாண்டிக் மந்த்லி’ என்னும் இதழில் ‘நாடற்ற மனிதன்’ என்று பொருள்படும் சிறுகதையொன்றை எழுதினார். படித்தவர் பலர் அதை நடந்த செய்தி என்றே நம்பிவிட்டனர். கதைத் தலைவன் பிலிப் நோலன் கற்பனை மனிதனே.

நோலன் ஓர் இளம் படை அலுவலன். ஆரன் பர் என்ற அரசியல்வாதியின் சூழ்ச்சியில் சிக்கி, 1807இல் இராணுவ நீதிமன்றத்தின் முன் நிற்கிறான். நாட்டுக்கு உண்மையாக இருந்ததைக் காட்ட ஏதேனும் சொல்வாயா என்று கேட்கிறார்கள். சினம் மூண்ட இளைஞன் நாட்டைச் சபித்து, அதன் பெயரையே இனிக் கேளாதிருக்க விரும்புவதாகக் கூவிவிடுகிறான். விடுதலைப் போரில் குருதி சிந்திய முதியோர் சிலர் அந்த மன்றத்தில் இருந்தனர். கால் மணி நேரத்தில் தீர்ப்பு வந்தது: நீ விரும்பியபடியே ஆகட்டும்.

நோலன் சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை.

அன்று முதல் ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஒரு போர்க்கப்பலிலிருந்து மற்றொரு போர்க்கப்பலுக்கு மாற்றப்பட்டான், கரை காட்டவில்லை. அவன் காதில் நாட்டின் பெயர் விழலாகாது. செய்தித்தாளில் அந்நாடு குறித்த பகுதியை வெட்டிவிட்டே கையில் கொடுப்பார்கள். அவன் சட்டைப் பொத்தானில்கூட நாட்டின் முத்திரை இல்லை. அடித்தார்களா? இல்லை. பசித்திருக்க விட்டார்களா? அதுவும் இல்லை. ஒரு பெயரை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். தண்டனை மிகையானது என்பதே அடியேன் கருத்து. ஆனால் நோலன் பிற்காலத்தில் ஒருநாளும் அப்படிச் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

தொடக்கத்தில் அவனுக்கு இது விளையாட்டாக இருந்தது. எல்லைப்புறத்தில், அயல்நாட்டாரோடு பழகி வளர்ந்தவன்; நாடு என்பது அவனுக்கு வெறுஞ்சொல். ஒருநாள் கப்பல் தளத்தில் நண்பர் நடுவே ஸ்காட் என்னும் கவிஞரின் பாட்டு நூலை உரக்கப் படிக்கிறான். தன் நாடு என்று ஒருமுறையேனும் நெஞ்சோடு சொல்லாதவனைப் பற்றிய பகுதி எதிர்பாராமல் வந்துவிடுகிறது. தொண்டை அடைக்கிறது. நூலைக் கடலில் எறிந்துவிட்டு அறைக்குள் ஓடியவன், இரண்டு திங்கள் எவர் முன்னும் வரவில்லை. செருக்குடைந்த இடம் இதுதான். பிரிவு மட்டும் ஒருவனைப் பக்குவப்படுத்திவிடாது. கசந்து கெட்டவர்களும் உண்டு. தன் பிழை தன்னதே என்று உணர்ந்தபின்தான் பிரிவு அன்பாகக் கனிகிறது.

பின்னொருநாள் அடிமைக் கப்பலொன்றைப் பிடிக்கிறார்கள். விடுவிக்கப்பட்ட ஆப்பிரிக்கர் வேறெங்கும் வேண்டாம், எங்கள் சொந்த ஊருக்கே கொண்டு செல்லுங்கள் என்று கதறுகிறார்கள். அதை மொழிபெயர்த்துச் சொல்லும் பொறுப்பு நோலனுக்கு வாய்க்கிறது! அச்சொற்கள் அவன் வாயில் எப்படி வந்திருக்கும் என்பதை நீங்களே எண்ணிக் கொள்ளுங்கள்.

1863 மே திங்களில் அவன் சாகக் கிடக்கும்போதுதான் அவன் அறைக்குள் நண்பர் நுழைகிறார். அது ஒரு பூசையறை போலிருக்கிறது. வாஷிங்டனின் படம், அதைச் சுற்றிக் கொடி, நினைவிலிருந்தே எழுதிய நாட்டுப் படம். கொடியில் விண்மீன்கள் கூடக் கூட மாநிலங்கள் பெருகுவதை எண்ணி அறிந்தானேயன்றி, அவற்றின் பெயர் அறியான். நண்பர் மனமிரங்கி அரை நூற்றாண்டுச் செய்தி முழுவதையும் சொல்கிறார். நடந்துகொண்டிருந்த உள்நாட்டுப் போரை மட்டும் சொல்ல நாவெழவில்லை. இருவரும் மண்டியிட்டு, நாட்டுக்கும் அதன் தலைவருக்கும் நலம் வேண்டும் பிரார்த்தனையைச் சொல்கிறார்கள். அதை ஐம்பத்தைந்து ஆண்டுகளாகக் காலையும் மாலையும் சொல்லி வந்ததாக நோலன் கூறுகிறான். பேச்சில் தடுக்கப்பட்ட நாடு வழிபாட்டில் புகுந்துகொண்டது! நாம் நாள்தோறும் ஓதும் போற்றியிலும் நாடும் இறைவனும் ஒரே தொடரில் நிற்கக் காண்கிறோமல்லவா?

இனி நம்பிகளிடம் வருவோம். நோலன் கற்பனை, நம் நாயனார் தம்பிரான் தோழர். இருவரையும் ஒரு தட்டில் வைக்கத் துணியேன். ஆயினும் இருவர் இழப்பும் சொல்லால் வந்தது: ஒருவன் சொல்லத் தகாததைச் சொன்னான், மற்றவர் சொன்னதைக் காக்கவில்லை. நம்பிகள் பிறந்த ஊரோ திருநாவலூர். ஆரூர் அருளால் அமைந்த ஊர். கண்ணுள்ளபோது திருவிழாவும் பரவையாரும் சேர்ந்து இழுத்த ஆரூர், கண்ணற்றபோது ஆரூர்ப் பெருமானாகவே நின்றது. வழிநெடுகப் பதிகம் பாடினார். வெண்பாக்கத்தில் கேட்டது கண், கிடைத்தது ஊன்றுகோல். தோழனாயிற்றே, உரிமையோடு நொந்துகொண்டார். எனினும் கோலை ஊன்றி நடந்தார். கச்சி ஏகம்பத்தில் இடக்கண் வந்தது. வலக்கண்ணுக்கு ஆரூர் வரை நடக்க வேண்டியிருந்தது.

நோலனுக்கு அந்தக் கரை கிட்டவில்லை. தன்னைக் கடலிலேயே அடக்கம் செய்யுமாறும், தன் நினைவாக நாட்டு மண்ணில் ஒரு கல் மட்டும் நடுமாறும் எழுதி வைத்திருந்தான்.

மேளம் கேட்கிறது, சுவாமி புறப்பாடு ஆகிறது. எழுந்து சேவிப்போம்.