ஒரு முதல் இசைத்தட்டின் கதை

ஒரு பாடகரின் முதல் இசைத்தட்டு வெளிவரும்போது இரண்டு தீர்ப்புகள் பிறக்கின்றன. ஒன்று விமரிசகர் எழுதுவது. மற்றொன்று கடையில் காசு கொடுத்து வாங்குவோர் அளிப்பது. இவ்விரண்டும் எப்போதும் ஒத்துச் செல்வதில்லை. ஒத்துச் சென்றாலும் ஒரே காரணத்தால் அன்று. அமெரிக்கப் பாடகி டிரேசி சாப்மனின் வரலாறு இதற்குச் சான்று.

1964ஆம் ஆண்டில் கிளீவ்லாந்து நகரில் எளியதொரு கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். உதவித்தொகை பெற்றுப் பள்ளியில் பயின்றார். பின்னர் பாஸ்டனுக்கு அருகிலுள்ள டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் மானிடவியல் கற்றார். மாணவியாக இருந்தபோதே கிட்டாரும் கையுமாகத் தெருவோரங்களில் பாடினார். உடன் பயின்ற மாணவர் ஒருவர் அப்பாட்டைக் கேட்டு வியந்து, இசைத் தொழிலில் இருந்த தம் தந்தையாரிடம் எடுத்துரைத்தார். அதன் பயனாக, 1988 ஏப்ரலில் எலெக்ட்ரா நிறுவனம் பதினொரு பாடல்கள் கொண்ட அவருடைய முதல் இசைத்தட்டை வெளியிட்டது.

அந்நாளைய மெல்லிசை உலகில் மின்னணுக் கருவிகளின் ஆரவாரமும் நடனத் தாளமும் ஓங்கியிருந்தன. இவரோ எளிய இசைத் துணையோடு வறுமையையும் இனவேற்றுமையையும் பாடினார். 'ஃபாஸ்ட் கார்' என்ற பாட்டில், குடிகாரத் தந்தைக்காகப் பள்ளியைத் துறந்த பெண்ணொருத்தி, ஊரைவிட்டுச் சென்று நல்வாழ்வு காண ஏங்குகிறாள். விமரிசகர்கள் இத்தகைய பாடல்களின் உண்மையைப் பாராட்டினர். ஆனால் பாராட்டைப் படிப்போர் ஆயிரவர். பாட்டைக் கேட்போர் அன்றோ இலட்சக்கணக்கில் வேண்டும்?

அந்த வாய்ப்பு ஜூன் 11ஆம் நாள் வந்தது. சிறையிலிருந்த நெல்சன் மண்டேலாவின் எழுபதாம் பிறந்தநாளை முன்னிட்டு லண்டன் வெம்ப்ளி அரங்கில் இசைவிழா நடந்தது. அறுபதுக்கு மேற்பட்ட நாடுகளில் அது ஒளிபரப்பாயிற்று. சாப்மன் முன்னரே பாடி முடித்திருந்தார். புகழ்மிக்க ஸ்டீவி வொண்டர் மேடையேறும் வேளையில், அவருடைய இசைக்கருவிக்கு இன்றியமையாத பதிவுத் தட்டு காணாமற் போயிற்று. அந்த இடைவெளியை நிரப்பச் சாப்மனை மீண்டும் அழைத்தனர். தனியொரு பெண், ஒரு கிட்டார், அவ்வளவே. அவ்வாண்டிலேயே அவர் இசைத்தட்டு பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் விற்பனையில் முதலிடம் பெற்றது. 1989இல் மூன்று கிராமிப் பரிசுகள் கிடைத்தன.

"இது வெறும் நற்பேறு" என்பர் சிலர். நற்பேறு இல்லையென்று நான் வாதாடவில்லை. எனினும், அது கதவைத் திறந்ததேயன்றிப் பாட்டை இயற்றவில்லை. அந்த மேடையில் அன்று பாடியோர் பலர். அத்தனைபேர் புகழும் அவ்வாறு உயர்ந்ததா?

மூன்றாவது தீர்ப்பும் ஒன்று உண்டு. அது காலத்தின் தீர்ப்பு. 2023இல் லூக் கோம்ப்ஸ் என்ற கிராமிய இசைப் பாடகர் 'ஃபாஸ்ட் கார்' பாட்டைப் புதிதாகப் பாடினார். அது மீண்டும் பெருவெற்றி கண்டது. அமெரிக்கக் கிராமிய இசைச் சங்கம் ஆண்டின் சிறந்த பாடலுக்கான விருதை அதை இயற்றிய சாப்மனுக்கு வழங்கியது. அவ்விருதைப் பெற்ற முதற் கறுப்பினப் பாடலாசிரியர் அவரே.

மாணவ நண்பர்களே, விமரிசகர் பாராட்டலாம், சந்தை வாங்கலாம், இரண்டும் நம் கையில் இல்லை. எதிர்பாரா வேளையில் பெயர் சொல்லி அழைக்கும்போது, பாடுவதற்கு நம்மிடம் ஒரு பாட்டு ஆயத்தமாக இருக்கவேண்டும். அது மட்டும் நம் கையில் இருக்கிறது.