நீடித்தலும் விலகலும்: காமன்வெல்த்தில் இந்தியா

 ஒரு நாடு தான் சேர்ந்துள்ள பன்னாட்டு அரசியல் கூட்டமைப்பில் நீடிப்பதா, விலகுவதா என்பதை எந்த அளவுகோலால் தீர்மானிப்பது என்பதே நாவலூரில் கூடியுள்ள இக்கருத்தரங்கின் பொருள். இந்தியா இக்கேள்விக்கு 1949ஆம் ஆண்டிலேயே விடை கண்டது. அவ்விடையால் விளைந்தவை தமிழரின் வாழ்வையும் தொட்டன.

காமன்வெல்த் எனப்படும் பொதுநல நாடுகளின் கூட்டமைப்பில் அன்று இருந்தவை பிரிட்டிஷ் முடிக்கு விசுவாசம் பூண்ட நாடுகளே. தன்னாட்சி பெற்றும் முடியைத் தலைமையாக ஏற்ற நாடு டொமினியன் எனப்பட்டது. 1947 ஆகஸ்ட் முதல் இந்தியாவும் அந்நிலையிலேயே இருந்தது. பர்மா 1948 ஜனவரியில் விடுதலை பெற்றபோதே கூட்டமைப்புக்கு வெளியே நின்றது; அயர்லாந்து 1949 ஏப்ரல் 18 அன்று குடியரசாகி விலகியது. குடியரசாகும் நாடு வெளியேறியே தீரவேண்டும் என்னும் அன்றைய எண்ணத்தை, அதே மாத இறுதியில் எட்டு நாடுகள் கூடி வெளியிட்ட லண்டன் அறிவிக்கை மாற்றியது. அதன்படி இந்தியா முழு இறைமை வாய்ந்த குடியரசாகவே நீடிக்கலாம். மன்னரை ஆள்பவராக ஏற்காமல், உறுப்பு நாடுகள் தம் விருப்பால் கூடியிருப்பதன் அடையாளமாக மட்டும் ஏற்றால் போதும்.

இம்முடிவைப் பிரதமர் நேரு 1949 மே மாதம் அரசியலமைப்பு நிர்ணய சபையின் ஒப்புதலுக்கு வைத்தபோது, கே. டி. ஷா, ஷிப்பன் லால் சக்சேனா முதலியோர் எதிர்த்தனர். நிறவேற்றுமையைச் சட்டமாகக் கொண்ட தென்னாப்பிரிக்காவோடு ஒரே அமைப்பில் அமர்வது எவ்வாறு தகும் என்பது எதிர்ப்பின் கருவாக இருந்தது. 1860 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து அந்நாட்டின் நேட்டால் பகுதியிலிருந்த கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிய ஒப்பந்தக் கூலிகளின் வழிவந்த தமிழர் பலர் அச்சட்டங்களின் கீழ் வாழ்ந்தமையால், அக்கேள்வி தமிழகத்துக்கும் உரியதே. ஆயினும் சபை ஒப்புதல் அளித்தது.

கேள்வியின் வலிமையைக் குறைக்காமலே, பின்னர் நிகழ்ந்ததையும் எண்ணிப் பார்க்க வேண்டும். குடியரசாகும் உறுப்பு நாடு மற்றவற்றின் இசைவைப் பெற்றே நீடிக்கும் என்னும் மரபு இந்தியாவின் முன்மாதிரியால் வேரூன்றியது. தென்னாப்பிரிக்கா குடியரசாக முனைந்து, 1961 மார்ச்சில் அவ்விசைவை நாடியபோது, உறுப்பு நாடுகள் அதன் நிறவெறிக் கொள்கையைக் கடுமையாகக் கண்டித்தன. விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்ற அந்நாடு மே 31 அன்று வெளியேறி, 1994இல் நிறவெறி ஆட்சி முடிந்த பின்னரே திரும்பியது. உள்ளே இருந்தமையால்தான் இந்தியாவால் அக்கண்டனத்தில் பங்குகொள்ள முடிந்தது.

இதன் மறுபக்கம் 2013இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் காமன்வெல்த் அரசுத் தலைவர்கள் மாநாடு கொழும்பில் நடைபெறவிருந்த நிலையில், இலங்கை உள்நாட்டுப் போரின் இறுதியில் முள்ளிவாய்க்காலில் தமிழர் கொல்லப்பட்டதை முன்னிட்டு, இந்தியா அம்மாநாட்டை முழுமையாகப் புறக்கணிக்க வேண்டும் என்றும், இலங்கையைக் கூட்டமைப்பிலிருந்து தற்காலிகமாக நீக்க வலியுறுத்த வேண்டும் என்றும் தமிழகச் சட்டமன்றம் அக்டோபர் 24 அன்று தீர்மானம் நிறைவேற்றியது. பிரதமர் மன்மோகன் சிங் செல்லவில்லை. வெளியுறவு அமைச்சர் சல்மான் குர்ஷித் சென்றார். வெளியுறவு மத்தியப் பட்டியலில் அடங்குவதால் மாநிலத்தின் குரல் வேண்டுகோள் என்னும் அளவிலேயே நின்றது. 1961இல் ஓங்கி ஒலித்த கண்டனம், முள்ளிவாய்க்காலின் துயரத்துக்குப் பின் கூடிய மாநாட்டில் அதே வலிமையோடு ஒலிக்கவில்லை என்பது தமிழர் நெஞ்சில் ஆறாத குறையாகவே உள்ளது.

விலகுவது எல்லா அமைப்புகளிலும் ஒரே அளவில் எளிதன்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் உறுப்பு நாட்டின் சட்டத்துக்கு மேற்பட்டது. அதனால் 2016 ஜூனில் விலக வாக்களித்த பிரிட்டனால் 2020 ஜனவரி இறுதியில்தான் வெளியேற முடிந்தது. காமன்வெல்த்துக்கோ அத்தகைய கட்டு இல்லை, விலகுவது எளிது. விலகல் எளிதாக உள்ள அமைப்பில் வெறுமனே நீடிப்பது பெருமை ஆகாது. உள்ளிருந்து அநீதியைச் சுட்டும் கடமையை ஏற்கும்போதே நீடிப்பு நியாயமாகிறது. அக்கடமையைச் செய்யும் துணிவையும், அதில் மாநிலங்களின் குரலுக்கு உரிய வழியையும் இவ்வவை ஆராய வேண்டும் என்று கேட்டு, கருத்தரங்கு தொடங்கி வைக்கப்படுகிறது.