பெட்டி மாற்றும் பொறியும் பெயர் காக்கும் பணியும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



திரிகூடராசப்பக் கவிராயர் குறவஞ்சி பாடிய மண்ணில் நின்றுகொண்டு டீசல் எஞ்சினைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இலக்கிய மேடைக்கும் இரும்புப் பொறிக்கும் என்ன உறவு என்று சிலர் எண்ணக்கூடும். உறவு உண்டு என்பதே என் உரையின் பொருள்.

இரயில் நிலையத்தில் நாம் காண்பது புறப்படும் வண்டியை. அந்த வண்டி வண்டியாவதற்கு முன்னர் ஒரு வேலை நடக்கிறது. பெட்டிகளைப் பிரிப்பதும், வேண்டிய வரிசையில் சேர்ப்பதும், ஒரு தடத்திலிருந்து மற்றொரு தடத்திற்கு மாற்றுவதும் ஆகிய அந்த வேலையை நிலையத்தார் ‘ஷண்டிங்’ என்பர். அதனைச் செய்யும் பொறி ஊர் தாண்டிப் போவதில்லை. நூறு கெஜம் முன்னே போகும். நூறு கெஜம் பின்னே வரும். அதற்கு யாரும் கையசைத்து விடைகொடுப்பதில்லை. விரைவு வண்டியைப் பாடிய கவிஞர் உண்டு. இதனைப் பாடியவர் அரியர்.

இப்பொறிகளின் பெயர்களைக் கேளுங்கள். டபிள்யூ.டி.எஸ்.4 என்பது ஒன்று, ஒய்.டி.எம்.4 என்பது மற்றொன்று. நன்னூலார் பகுபதத்தைப் பிரித்துக் காட்டியதுபோல் இவற்றையும் பிரிக்கலாம். ‘டபிள்யூ’ என்பது 1,676 மில்லிமீட்டர் அகலப் பாதையைக் குறிக்கும். ‘ஒய்’ என்பது 1,000 மில்லிமீட்டர் கொண்ட மீட்டர் பாதையைக் குறிக்கும். ‘டி’ டீசல். ‘எஸ்’ ஷண்டிங், ‘எம்’ பயணி வண்டி, சரக்கு வண்டி இரண்டிற்கும் பொதுவானது. இறுதி எண் வரிசையைக் காட்டும். ஆக, பாதை, எரிபொருள், தொழில், வரிசை என நான்கு செய்திகள் ஒரு சிறு பெயருக்குள் அடங்கிவிடுகின்றன.

டபிள்யூ.டி.எஸ்.4 வகைப் பொறிகள் 1960களின் பிற்பகுதியிலிருந்து சித்தரஞ்சன் தொழிற்சாலையில் உருவாயின. இவற்றின் திறன் 600 முதல் 700 குதிரைத்திறன் அளவினது. எண்ணெய்மத்தின் வழியே விசையைக் கடத்தும் முறை இவற்றில் அமைந்தது. அம்முறையில் நம் நாட்டுப் பொறியாளர் எம்.எம். சூரி உருவாக்கிய ‘சூரி கடத்தி’ புகழ்பெற்றது. 1962இல் அவர் சாந்தி சுவரூப் பட்நாகர் பரிசு பெற்றார். இவ்வகைக்கு இன்னுமொரு சிறப்புண்டு. நீராவிப் பொறியில் சக்கரங்களை ஒன்றோடொன்று பிணைத்திருந்த பக்கக் கம்பி டீசல் காலத்தில் பெரும்பாலும் மறைந்துபோயிற்று. ஆனால் இப்பொறியில் அது நின்றது. மூன்று இணைச் சக்கரங்களும் கம்பியால் கைகோத்துச் சுழன்றன. பழைய யாப்பில் புதிய பொருள் பாடியதுபோன்ற அமைப்பு அது.

நம் பகுதிக்கு உரியது ஒய்.டி.எம்.4. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்க ஆல்கோ நிறுவனத்திலிருந்து முதலில் வந்தது. 1968 முதல் வாரணாசியிலேயே செய்யப்பட்டது. வரிசையாக நின்ற ஆறு உருளைகள். ஏறத்தாழ 1,400 குதிரைத்திறன். 72 டன் எடை. அந்த எடையை ஆறு அச்சுகள் பகிர்ந்துகொண்டதால் ஓர் அச்சுக்குப் பன்னிரண்டு டன்னே விழுந்தது. மெலிந்த தண்டவாளமும் பழைய பாலங்களும் அதனைத் தாங்கின. இந்தியா முழுவதற்கும் ஐந்நூறுக்கு மேற்பட்டவை செய்யப்பட்டன. மீட்டர் பாதையில் பயணி வண்டியை இழுத்ததும் அதுவே. சரக்கை இழுத்ததும் அதுவே. நிலையத்திற்குள் பெட்டி மாற்றியதும் அதுவே.

செங்கோட்டைக்கும் கொல்லத்திற்கும் இடையே 1904இல் இரயில் ஓடத் தொடங்கியது. அன்று செங்கோட்டை திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்தது. 1956இல்தான் நம்மோடு இணைந்தது. பகவதிபுரம், ஆரியங்காவு, தென்மலை என்று மலையேறி இறங்கும் அந்த வழியில் முன்னே ஒரு பொறி இழுக்க, பின்னே ஒரு பொறி தள்ளும். பின்னே தள்ளும் பொறியைச் சேர்ப்பதும் பிரிப்பதும் நிலையத்தின் அன்றாட வேலை. கழுதுருட்டியின் பதின்மூன்று கண் பாலத்தைப் படமெடுத்தவர் பலர். வண்டியின் வாலில் நின்று தோள் கொடுத்த பொறியைப் படமெடுத்தவர் சிலரே.

1992இல் ஒரே அகலப் பாதைத் திட்டம் வந்தது. விருதுநகர்–தென்காசி–செங்கோட்டை வழி 2004இல் அகலமாயிற்று. செங்கோட்டை–புனலூர் மீட்டர் பாதை 2010 செப்டம்பரில் மூடப்பட்டது. திருநெல்வேலி–தென்காசி வழி 2012இல் அகலப் பாதையாகத் திறந்தது. மலைவழி 2018இல் மீண்டும் முழுமையாகத் திறந்தது. இம்மாற்றம் வேண்டாமென்று நான் சொல்லவில்லை. சென்னைக்கு வண்டி மாறாமல் போகும் வசதியை எந்தத் தாய் வேண்டாமென்பாள்? ஆயினும் பாதை போனபோது பொறிக்கு வீடு போயிற்று. சில பொறிகள் மியான்மர், மலேசியா முதலிய நாடுகளுக்குச் சென்றன. மிகப் பல பழைய இரும்பாயின. தமிழ்நாட்டில் இன்று எஞ்சியுள்ள மீட்டர் பாதை நீலகிரி மலைப்பாதை ஒன்றே. 2005இல் உலக மரபுச் சின்னமான அப்பாதையிலும், மக்கள் கொண்டாடுவது பல்சக்கர நீராவிப் பொறியை. குன்னூர்–உதகை இடையே பல்லாண்டுகள் உழைத்த ஒய்.டி.எம்.4ஐ அன்று.

பாதுகாப்பு என்பது என்ன? தில்லியில் 1977இலும், சென்னைப் பெரம்பூரில் 2002இலும் இரயில் அருங்காட்சியகங்கள் திறக்கப்பட்டன. அவை நல்ல பணி செய்கின்றன. பிரித்தானிய நாடு வேறொரு வழியும் காட்டுகிறது. வேல்சு மலைப் பகுதியின் டாலிலின் இரயில்வே மூடப்படும் நிலைக்கு வந்தபோது, 1950இல் பர்மிங்காமில் கூட்டம் கூட்டி, தன்னார்வலரைக் கொண்டே 1951 முதல் அதனை ஓடவைத்தனர். தன்னார்வலர் காத்த இரயில்களுள் உலகிலேயே முதலாவது அது. முன்னின்றவருள் தலையாயவர் எல்.டி.சி. ரோல்ட், அவர் ஓர் எழுத்தாளர். இதனை இவ்வட்டம் நினைவிற்கொள்ள வேண்டும். அந்நாட்டில் 1952 முதல் 1962 வரை ‘08’ என்னும் வகையில் 996 ஷண்டிங் பொறிகள் செய்யப்பட்டன. அவற்றுள் எழுபதுக்கும் மேற்பட்டவை இன்று மரபு இரயில்களில் காக்கப்படுகின்றன. அழகுக்காக அவற்றைக் காத்தார்கள் என்பதைவிட, அழகிய நீராவி வண்டிகளை இடம் மாற்றி நிறுத்த அவை வேண்டியிருந்தன என்பதே பொருத்தம். உழைப்பே அவற்றுக்கு உயிர்ப்பிச்சை தந்தது.

நம்மிடம் அத்தகைய பொருள்வளம் இல்லை. 72 டன் இரும்பை இந்த அரங்கின் முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்த நம்மால் இயலாது. ஆனால் நம்மால் மட்டுமே இயலும் பாதுகாப்பு ஒன்றுண்டு.

சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையை எண்ணிப் பாருங்கள். மதுரை மதில்மேல் இருந்த போர்ப்பொறிகளை இளங்கோவடிகள் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி வரிசைப்படுத்துகிறார். அம்மதில் இன்றில்லை, பொறிகளுள் ஒன்றும் இல்லை. பெயர்கள் இருக்கின்றன. ஒரு புலவர் அவற்றைப் பாடத் தகாதவை என்று ஒதுக்காததே காரணம். ஆயின் பெயர் மட்டும் போதவில்லை. இன்ன பொறி இன்னது செய்யும் என்று அடியார்க்குநல்லார் உரை எழுத வேண்டியிருந்தது. உரையும் இல்லையேல் அப்பெயர்கள் நமக்கு வெற்றொலியாகவே நின்றிருக்கும்.

ஒய்.டி.எம்.4 பொறியின் வரைபடங்கள் எங்கேனும் கோப்பில் இருக்கும். அதனை ஓட்டியவர், பிணைத்தவர், பழுது பார்த்தவர் பேசிய தமிழ் எந்தக் கோப்பிலும் இல்லை. பாயிண்ட்ஸ்மேன், கப்ளிங், லைன் கிளியர், டோக்கன் என்று ஆங்கிலத்தை நம் நாவுக்கேற்ப வளைத்துக்கொண்ட சொற்கள் ஒரு பக்கம். ஒலியையும் அதிர்வையும் மலையேற்றத்தில் பொறி திணறுவதையும் சுட்ட அவர்களே ஆக்கிக்கொண்ட தமிழ்ச் சொற்கள் மறு பக்கம். அச்சொற்களை அறிந்தோர் இன்று ஓய்வு பெற்ற முதியோர். அவர்கள் செங்கோட்டையிலும் தென்காசியிலும் நம் தெருக்களிலேயே வாழ்கிறார்கள். பாதை மூடிய பின் பிறந்த பிள்ளைகள் பள்ளி இறுதி வகுப்பை எட்டிவிட்டார்கள். காலம் நமக்காகக் காத்திராது.

ஆதலால் இந்தப் பத்தாம் ஆண்டில் ஒரு வேண்டுகோளை முன்வைக்கிறேன். திங்கள்தோறும் நாம் கூடும் கூட்டங்களில் ஒன்றையேனும் அம்முதியோர்க்கு ஒதுக்குவோம். அவர்களைப் பேசவிட்டுக் கேட்போம். ஒவ்வொரு சொல்லையும் அவர்கள் சொன்னவாறே எழுதி, பொருளும் பயன்பாடும் சேர்த்து, ஒரு சிறு சொற்கோவையாக்குவோம். திருத்திச் செந்தமிழாக்கும் ஆசை வேண்டாம். அது ஆவணத்தைக் கெடுக்கும். கவிஞர்கள் அதிலிருந்து தமக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளட்டும். பெயரையும் உரையையும் நாம் காப்போம்; உடலை அருங்காட்சியகம் காக்கட்டும்.

பிறர் பயணத்திற்காகத் தான் நின்ற இடத்திலேயே உழைத்த பொறிக்குத் தமிழில் ஒரு பக்கம் கிடைக்க வேண்டும்.